விற்பதற்காக வாங்குகிறவர்களுக்கு

ஹூஸ்டன் நகரின் தென்மேற்கில் ஹில்க்ராஃப்ட் என்றொரு சாலை. புடவைக் கடை, நகைக் கடை, மளிகைக் கடை, இனிப்புக் கடை என்று இந்தியக் கடைகள் நெருக்கமாக இருக்கும் அந்த வட்டாரத்துக்கு 2010-இல் மகாத்மா காந்தி டிஸ்ட்ரிக்ட் என்று பெயர் வைத்தார்கள். அதை ஒட்டித்தான் என் பாத்திரக் கடை. எவர்சில்வர், பித்தளை விளக்கு, கோயம்புத்தூர் கிரைண்டர், கொலுவுக்கு வைத்துக் கொடுக்கிற சின்னச் சின்ன சாமான்கள். சில்லறை வியாபாரமும் உண்டு, மொத்த வியாபாரமும் உண்டு. மொத்தமாக எடுக்க வருகிறவர்களில் பலர் பெண்கள். வீட்டு கராஜில் நாலு அலமாரி போட்டு, வாட்ஸ்அப் குழுவில் படம் அனுப்பி, சனி ஞாயிறு விழாக்களில் ஸ்டால் எடுத்து வியாபாரம் செய்கிறவர்கள். ஆரம்பத்தில் அவர்கள் எல்லாருமே என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

“அண்ணே, நான் விக்கத்தானே வாங்குறேன். எனக்கு ஏன் டாக்ஸ் போட்டீங்க?”

நியாயமான கேள்வி. சட்டமும் அவர்கள் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் வாயால் சொன்னால் போதாது. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். அந்தக் காகிதத்துக்குத்தான் ரீசேல் சர்ட்டிபிகேட் என்று பெயர். சிறு வியாபாரம் தொடங்குகிற நம்மவர்கள் அதிகம் குழம்புவது இதில்தான். வெறும் குழப்பம் என்றால்கூடப் பரவாயில்லை. தவறாகப் பயன்படுத்தினால் இந்த ஊர்ச் சட்டப்படி அது குற்ற வழக்கு. தெரிந்தவர்கள் எடுத்துச் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் வரியைப் பற்றி. அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான விற்பனை வரி கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று விதித்துக்கொள்கிறது. 45 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் இருக்கிறது. அலாஸ்கா, டெலவேர், மொன்டானா, நியூ ஹாம்ப்ஷயர், ஓரிகன் ஆகிய ஐந்தில் மாநில அளவில் இல்லை. 1930-களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியில் நில, வீட்டு வரி வசூல் படுத்துவிட, மிசிசிப்பி 1932-இல் தொடங்கி வைத்த முறை இது. டெக்சஸ் 1961-இல்தான் இதற்கு வந்தது. அப்போது 2 சதவீதம். இன்று மாநிலத்துக்கு 6.25 சதவீதம், அதற்கு மேல் உள்ளூர் அமைப்புகளுக்கு அதிகபட்சம் 2. ஹூஸ்டனில் நகராட்சிக்கு ஒன்று, மெட்ரோ போக்குவரத்துக்கு ஒன்று என்று மொத்தம் 8.25.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. மதுவிலக்கைக் கொண்டுவந்த ராஜாஜி அரசுக்கு வருவாய் குறைந்தபோது, ஈடுகட்ட 1939-இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி போட்டார்கள். அது படிப்படியாக மாறி 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டியில் போய்ச் சேர்ந்தது. ஜிஎஸ்டியில் ஒவ்வொரு கை மாறும்போதும் வரி உண்டு. வாங்கும்போது கட்டியதை விற்கும்போது கழித்துக்கொள்கிறோம். அமெரிக்க விற்பனை வரியின் வழி வேறு. பொருள் எத்தனை கை மாறினாலும், கடைசியில் வாங்கிப் பயன்படுத்துகிறவரிடம் மட்டும் ஒரே ஒரு முறை வாங்குவது. கம்பெனியிலிருந்து மொத்த வியாபாரிக்கு வரும்போது வரி இல்லை. மொத்த வியாபாரியிடமிருந்து சில்லறைக்குப் போகும்போதும் இல்லை. அடுப்படிக்குப் போகும்போது உண்டு. அப்படியானால், என் கல்லாவுக்கு முன்னால் நிற்கிற அம்மா கடைக்கு வாங்குகிறாரா, அடுப்படிக்கு வாங்குகிறாரா என்று அரசுக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் அந்தக் காகிதம்.

ஜிஎஸ்டிக்கு முந்தைய வியாபாரிகளுக்கு இதை விளக்க ஒரே சொல் போதும்: சி ஃபார்ம். கும்பகோணம் பெரிய கடைத் தெருவில் என் அப்பாவுக்குப் பாத்திர வியாபாரம். நாச்சியார்கோவில் விளக்குகளை பெங்களூர் வியாபாரிகளுக்கு அனுப்புவார். வெளி மாநிலத்தில் வாங்குகிறவர் மறுவிற்பனைக்கு வாங்கியதாக சி ஃபார்ம் கொடுத்தால் மத்திய விற்பனை வரி 4 சதவீதத்தோடு முடிந்தது. கொடுக்காவிட்டால் கூடுதல் வரி விற்றவர் தலையில். சரக்கு போய்ச் சேர்ந்து, பணமும் வந்த பிறகு, அந்த ஒரு காகிதத்துக்காக அப்பா மாதக்கணக்கில் கடிதம் எழுதியிருக்கிறார். டெக்சஸ் படிவத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு அது புதிதாகவே தோன்றவில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. சி ஃபார்ம் வரி அலுவலகம் எண் போட்டு அச்சடித்துக் கொடுப்பது. டெக்சஸ் படிவமோ இணையத்தில் யாரும் இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். கையெழுத்துப் போடுகிறவரின் வார்த்தையை நம்பி நடக்கிற முறை இது.

இங்கேதான் முதல் குழப்பம் வருகிறது. “ரீசேல் சர்ட்டிபிகேட்டுக்கு அப்ளை பண்ணியிருக்கேன், இன்னும் வரல” என்பார்கள். டெக்சஸில் அப்படி ஒன்று வரவே வராது. அரசு கொடுப்பது சேல்ஸ் டாக்ஸ் பெர்மிட். அந்த பெர்மிட்டில் இருக்கிற எண்ணை வைத்து, சர்ட்டிபிகேட்டை நீங்களே நிரப்பி, நீங்களே கையெழுத்துப் போட்டு, சரக்கு வாங்குகிற கடையில் கொடுக்கவேண்டும். அரசுக்கு அனுப்பக் கூடாது என்று படிவத்திலேயே எழுதியிருக்கிறது.

பெர்மிட்டை மாநிலக் கம்ப்ட்ரோலர் அலுவலகம் கொடுக்கிறது. மாநிலத்தின் வரி, கணக்கு எல்லாவற்றுக்கும் பொறுப்பான அலுவலகம் அது. கட்டணம் ஒரு காசு கிடையாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் இடைத்தரகர்களின் பக்கங்கள். அரசு முத்திரை மாதிரியே படம் போட்டு, நூறு இருநூறு டாலர் வாங்கிக்கொண்டு, நீங்கள் சொல்வதையே அரசுப் பக்கத்தில் தட்டிக் கொடுக்கிறார்கள். கம்ப்ட்ரோலரின் சொந்தத் தளத்தில் நேராகப் போய் விண்ணப்பியுங்கள். கணினி ஒத்துவராதவர்களுக்கு ஏபி-201 என்ற காகிதப் படிவமும் உண்டு. கனெக்டிகட்டில் 100 டாலர், தென் கரோலினாவில் 50 டாலர் என்று சில மாநிலங்கள் கட்டணம் வாங்குகின்றன. அங்கேயும் அது அரசுக்குக் கட்டுவதுதான், தரகருக்கு அல்ல.

விண்ணப்பத்தில் கேட்பவை கடினமானவை அல்ல. பெயர், முகவரி, சோஷியல் செக்யூரிட்டி எண், வியாபாரம் எந்த வகை என்பதற்கான நெய்க்ஸ் குறியீடு, எந்தத் தேதியில் விற்கத் தொடங்குகிறீர்கள், எந்த வங்கியில் கணக்கு, கார்டு வாங்குவதாக இருந்தால் எந்த நிறுவனம் வழியாக. வியாபாரம் நடக்கிற இடம் நகர எல்லைக்குள்ளா வெளியிலா என்று ஒரு கேள்வி வரும். அஞ்சல் முகவரியில் ஹூஸ்டன் என்று இருந்தாலும் நகர எல்லைக்கு வெளியே இருக்கிற வீடுகள் நிறைய உண்டு. உள்ளூர் வரி அதைப் பொறுத்து மாறும் என்பதால் ஊகித்துப் போடாமல் பார்த்துப் போடவேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் பெர்மிட் வந்துவிடும். சிலரிடம் ஈட்டுத்தொகை கேட்கவும் அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு. வந்த பெர்மிட்டை வியாபாரம் நடக்கிற இடத்தில் தெரியும்படி மாட்டவேண்டும். விழாவில் ஒரு நாள் ஸ்டால் போடும்போதும் ஒரு நகல் கையில் இருப்பது நல்லது.

எல்எல்சி என்கிற வகைக் கம்பெனி ஆரம்பித்தால்தான் பெர்மிட் கிடைக்கும் என்று சொல்லி, சிலரை முதலிலேயே செலவில் இறக்கிவிடுகிறார்கள். டெக்சஸில் எல்எல்சி பதிவுக்கு மாநிலச் செயலர் அலுவலகத்தில் 300 டாலர். வியாபாரம் வளர்ந்தால் அதில் நன்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெர்மிட்டுக்கு அது நிபந்தனை அல்ல. தனி ஆளாக, சொந்தப் பெயரிலேயே வாங்கலாம். கடைக்கு வேறு பெயர் வைத்தால் அந்தப் பெயரைக் கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் பதிந்துகொள்ளவேண்டும். அதற்குச் சிறு தொகைதான்.

ஒன்றை மட்டும் நிதானமாகச் சொல்லவேண்டும். கணவரின் வேலை விசாவோடு வந்து எச்4 என்கிற சார்பு விசாவில் இருக்கிற பெண்கள் பலர் என்னிடம் வருகிறார்கள். படித்தவர்கள், கெட்டிக்காரிகள், வீட்டிலேயே அடைந்து கிடக்கப் பிடிக்காதவர்கள். அவர்களின் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் மாநிலம் கொடுக்கிற வரி பெர்மிட், நாட்டில் வேலை செய்யவோ வியாபாரம் செய்யவோ கொடுக்கிற அனுமதி அல்ல. இரண்டும் வேறு அரசு, வேறு சட்டம். பெர்மிட் கைக்கு வந்துவிட்டதே என்று துணிந்து இறங்கிவிட்டால், கிரீன் கார்டு நேரத்தில் அதுவே கேள்வியாக வந்து நிற்கக்கூடும். வேலை அனுமதி அட்டை இல்லாதவர்கள் குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டுத்தான் தொடங்கவேண்டும். அந்த ஒரு மணி நேரக் கட்டணத்தைச் செலவாக நினைக்காதீர்கள்.

சர்ட்டிபிகேட்டுக்கு வருகிறேன். டெக்சஸில் அதன் எண் 01-339. ஒரே தாளில் இரண்டு பக்கம். முன்பக்கம் மறுவிற்பனைக்கு, பின்பக்கம் வரிவிலக்கு பெற்ற அமைப்புகளுக்கு. என் கடையில் கல்லாப் பக்கத்திலேயே ஒரு கட்டு வைத்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்களை உட்காரவைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துத்தான் நிரப்பச் சொல்வேன்.

மேலே வாங்குகிறவரின் பெயர், முகவரி, தொலைபேசி. அதற்குக் கீழே பெர்மிட் எண். 11 இலக்கம் இருக்கவேண்டும் என்று பக்கத்திலேயே போட்டிருக்கும். பலர் தவறுவது இங்கேதான். மத்திய வருமான வரித் துறை கொடுத்த இஐஎன் எண்ணை எழுதிவிடுவார்கள். அதில் 9 இலக்கம்தான். அது வியாபாரத்துக்கு அடையாள எண், விற்பனை வரிக்கு அதனால் பயன் இல்லை. எண்ணிப் பார்த்து 9 வந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். வெளி மாநிலத்துக் கடைக்காரர் என்றால் அவருடைய மாநிலப் பதிவு எண்ணை எழுதலாம். மெக்சிகோவில் கடை வைத்திருப்பவர் அங்கத்திய வரிப் பதிவு எண்ணை எழுதி, பதிவுத் தாளின் நகலையும் தரவேண்டும். எல்லையோர மாநிலத்தின் படிவம் என்பது இந்த ஒரு வரியிலேயே தெரியும்.

அடுத்து, விற்கிறவரின் பெயரும் முகவரியும். அதாவது என் கடை. ஒரு கடைக்குக் கொடுத்த தாள் அந்தக் கடைக்கு மட்டும்தான். நாலு இடத்தில் சரக்கு எடுத்தால் நாலு தாள். ஆனால் ஒரே கடையில் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு முறை கொடுத்ததை ஃபைலில் வைத்துக்கொண்டு, அதில் எழுதிய வகைச் சரக்குக்குத் தொடர்ந்து வரி இல்லாமல் பில் போடுவேன்.

பிறகு, வாங்குகிற பொருள்களின் விவரம். “எல்லாம்னு எழுதிரட்டுமா அண்ணே?” என்று கேட்பார்கள். வேண்டாம். ‘எவர்சில்வர் பாத்திரங்கள், பித்தளை விளக்குகள், பரிசுப் பொருள்கள்’ என்று புரியும்படி எழுதவேண்டும். அதற்கு அடுத்த கட்டத்தில் உங்கள் வியாபாரம் என்ன, பொதுவாக எதை விற்கிறீர்கள் என்பது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவேண்டும். புடவை வியாபாரம் என்று எழுதிவிட்டு வரி இல்லாமல் கிரைண்டர் கேட்டால், எதற்கு என்று கேட்கும் கடமை எனக்கு உண்டு.

கடைசியாகக் கையெழுத்து, பதவி, தேதி. கையெழுத்துக்கு மேலே சின்ன எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். அதை நான் வாய்விட்டுத் தமிழில் சொல்லிவிட்டுத்தான் பேனாவைக் கொடுப்பேன். சொந்த உபயோகத்துக்கு என்று தெரிந்தே, விற்பனைக்கு என்று இந்தத் தாளைக் கொடுத்து வாங்கினால் அது குற்றம். ஏய்த்த வரியின் அளவைப் பொறுத்து, அபராதத்தோடு போகிற சி வகுப்புச் சிறு குற்றத்திலிருந்து இரண்டாம் தரப் பெருங்குற்றம் வரை ஆகலாம் என்கிறது அது. இரண்டாம் தரப் பெருங்குற்றத்துக்கு டெக்சஸில் 2 முதல் 20 ஆண்டு வரை சிறை. பயமுறுத்தச் சொல்வதில்லை. எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்து போடவேண்டும், அவ்வளவுதான்.

இவ்வளவு பாடும் எதற்கு என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். நவராத்திரிக்கு முன் 2,000 டாலருக்குச் சரக்கு எடுத்தால் 8.25 சதவீத வரி 165 டாலர். சிறு வியாபாரத்தில் அது ஒரு வார லாபமாக இருக்கலாம். சரக்கு விற்றுப் பணம் வருவதற்கு முன்பே அந்த 165 முடங்கிப்போகிறது. சர்ட்டிபிகேட் கொடுத்தால் அந்தத் தொகை கையில் நிற்கும். அதை வைத்து இன்னொரு பெட்டி விளக்கு எடுக்கலாம். சில பெரிய கடைகளின் கவுன்ட்டரில் இந்தத் தாளை வாங்க மறுப்பார்கள். அங்கே சண்டை போட்டுப் பயனில்லை. வரியைக் கட்டிவிட்டு பில்லைப் பத்திரப்படுத்தி, கணக்குப் பார்க்கிறவரிடம் காட்டுங்கள்.

எது மறுவிற்பனை, எது இல்லை என்பதில்தான் நல்லவர்கள்கூடத் தடுமாறுகிறார்கள். வியாபாரம் செய்கிற ஒரு அம்மா, தன் மகளின் பிறந்தநாளுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க அறுபது குங்குமச் சிமிழ் எடுத்தார். பழக்கத்தில் வரி இல்லாமல் பில் போடச் சொன்னார். “இது விக்கிறதுக்கா, குடுக்கிறதுக்கா அம்மா?” என்று கேட்டேன். கொடுப்பதற்கு என்றால் அது சொந்த உபயோகம், வரி உண்டு. அதே சிமிழை வேறொரு வீட்டு விசேஷத்துக்கு, பையும் மஞ்சளும் சேர்த்து ஒரு செட்டாகக் கட்டி விற்றால் மறுவிற்பனை, சிமிழுக்கும் பைக்கும் எனக்கு வரி தரவேண்டாம். பொருள் ஒன்றுதான். அது போய்ச் சேருகிற இடம்தான் வரியைத் தீர்மானிக்கிறது.

சமையல் ஆர்டர் எடுக்கிறவர்கள் வருவார்கள். இருபது லிட்டர் அண்டா, இட்லிக் கொப்பரை, கரண்டி எல்லாம் அவர்களின் தொழில் கருவி. அவற்றை அவர்கள் விற்கப்போவதில்லை, அதனால் வரி உண்டு. தொழிலுக்குத்தானே வாங்குகிறேன் என்பது போதாது, விற்பதற்கு வாங்கவேண்டும். சாப்பாட்டோடு சேர்த்து வாடிக்கையாளர் கைக்கே போய்விடுகிற பார்சல் டப்பா போன்றவற்றின் கணக்கு வேறு, அவற்றை மறுவிற்பனையாக எடுக்கலாம்.

கோவில் கமிட்டிக்காரர்கள் மடைப்பள்ளிக்குப் பாத்திரம் எடுக்க வரும்போதும் முன்பக்கத்தை நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள். கோவில் பாத்திரம் விற்கப்போவதில்லையே. வரிவிலக்கு பெற்ற சமய அமைப்பு என்றால் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை நிரப்பவேண்டும். முடிவு ஒன்றுதான், வரி இல்லை. ஆனால் தணிக்கைக்கு வருகிறவர் பார்ப்பது எந்தப் பக்கம், என்ன காரணம் என்பதை.

கராஜ் வியாபாரத்தில் இன்னொன்று அடிக்கடி நடக்கும். விற்க எடுத்த பத்து கிரைண்டரில் ஒன்று நம் வீட்டு மேடைக்கே போய்விடும். தப்பில்லை. ஆனால் அந்த ஒன்றுக்கு வரி கட்டாமல் வாங்கியிருக்கிறீர்கள். நீங்களே வாங்கிப் பயன்படுத்துகிறவர் ஆகிவிட்டதால், அந்த வரியை அடுத்த கணக்கில் நீங்களே சேர்த்துக் கட்டவேண்டும். யூஸ் டாக்ஸ் என்பது இதுதான். 180 டாலருக்கு எடுத்தது என்றால் 14 டாலர் 85 சென்ட். சின்னத் தொகைதான், கட்டிவிட்டுப் போவோமே.

இந்தத் தாளில் நான் ஏன் இவ்வளவு கெடுபிடி என்று சிலர் வருத்தப்படுவதுண்டு. “தெரிஞ்சவங்க கிட்டகூடவா அண்ணே?” என்பார்கள். தெரிந்தவர்களிடம்தான் இன்னும் கவனமாக இருக்கவேண்டும் என்பது என் கருத்து. கம்ப்ட்ரோலர் அலுவலகத்திலிருந்து தணிக்கைக்கு வந்தால் நான்கு ஆண்டுக் கணக்கை விரிப்பார்கள். வரி போடாத பில் ஒவ்வொன்றையும் எடுத்து, இதற்கு சர்ட்டிபிகேட் எங்கே என்பார்கள். முறையாக நிரப்பிய தாளை நல்லெண்ணத்தோடு வாங்கி வைத்திருந்தால் என் பொறுப்பு அதோடு தீர்ந்தது. வாங்கினவர் ஏமாற்றியிருந்தால் அது அவருக்கும் அரசுக்கும். தாள் இல்லை என்றால், நான் வசூலிக்காத அந்த வரி, அதற்கு அபராதம், வட்டி எல்லாம் என்னிடமிருந்து. பெங்களூரிலிருந்து வராத சி ஃபார்முக்கு அப்பா கட்டிய அதே கணக்கு. ஆகவே தாள் வந்த உடனே கம்ப்ட்ரோலர் தளத்தில் அந்த எண்ணைத் தட்டி, பெர்மிட் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, பார்த்த தேதியை ஓரத்தில் பென்சிலில் குறித்து, பெயர் வரிசையில் ஃபைலில் வைக்கிறேன். நீங்கள் வியாபாரம் வளர்ந்து மொத்தமாக விற்கத் தொடங்கினால், உங்களிடமும் யாராவது இந்தத் தாளை நீட்டுவார்கள். அன்று நீங்களும் இதையேதான் செய்யவேண்டும்.

பெர்மிட் வாங்கியதோடு வேலை முடிவதில்லை. வாங்கும்போது வரி கட்டாததற்கு ஈடாக, விற்கும்போது வசூலித்து அரசிடம் சேர்க்கிற பொறுப்பு உங்களுக்கு வந்துவிடுகிறது. ஒரு கிரைண்டரை 250 டாலருக்கு விற்றால் 20 டாலர் 63 சென்ட் வாடிக்கையாளரிடம் கூடுதலாக வாங்கவேண்டும். அது உங்கள் பணம் அல்ல, அரசுக்காக வாங்கி வைத்திருக்கிற பணம். அதைச் செலவழித்துவிட்டுக் கையை விரித்தால் சொந்தச் சொத்துக்கே பொறுப்பு வந்து சேரும். நான் எல்லாருக்கும் சொல்வது, வங்கியில் இதற்கென்று தனிக் கணக்கு வையுங்கள், ஒவ்வொரு வாரமும் வசூலான வரியை அதில் தள்ளிவிடுங்கள்.

கணக்குத் தாக்கல் செய்யும் நாள் 20-ஆம் தேதி. வியாபாரம் பெரிதென்றால் மாதா மாதம். மூன்று மாத வரி 1,500 டாலருக்குள் என்றால் காலாண்டுக்கு ஒரு முறை. ஆண்டு வரியே 1,000 டாலருக்குள் என்றால் அவர்கள் அனுமதித்தபடி ஆண்டுக்கு ஒரு முறை. ஒன்றுமே விற்காத காலத்திலும் ‘விற்பனை இல்லை’ என்று தாக்கல் செய்யவேண்டும். ஊருக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கட்ட வேண்டிய வரி சைபர் என்றாலும், தாமதத்துக்கு 50 டாலர் அபராதம் நிச்சயம். வரி இருந்தால் அதற்கு மேல் 5 சதவீதம், 30 நாள் தாண்டினால் 10 சதவீதம். நாள் தவறாமல் கட்டுகிறவர்களுக்கு வரியில் அரை சதவீதத்தை மாநிலமே விட்டுக்கொடுக்கிறது.

மற்ற மாநிலங்களில் இருக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அடிப்படை இதுவேதான், பெயரும் நடைமுறையும் மாறும். ஃப்ளோரிடாவில் மறுவிற்பனைச் சான்றிதழை மாநிலமே ஆண்டுதோறும் கொடுக்கிறது; டிசம்பர் 31-ஆம் தேதியோடு காலாவதி. வாஷிங்டன் மாநிலமும் தானே பெர்மிட் கொடுக்கிறது. நியூயார்க்கில் விற்கத் தொடங்கக் குறைந்தது 20 நாளுக்கு முன்பே விண்ணப்பிக்கவேண்டும். சான்றிதழ் இல்லாமல் விற்றால் முதல் நாளுக்கு 500 டாலர் வரை, பிறகு நாளுக்கு 200 வரை என்று 10,000 டாலர் வரை அபராதம் ஏறும். நியூ ஜெர்சியில் வரி 6.625 சதவீதம், ஆனால் துணிமணிக்கு வரியே இல்லை. எடிசன் பக்கம் சாதாரணப் புடவை விற்கிறவருக்கும் டெக்சஸில் அதே புடவையை விற்கிறவருக்கும் கணக்கு வேறாவது இதனால்தான். கலிஃபோர்னியாவில் தெரிந்தே தவறாகச் சான்றிதழ் கொடுத்து வாங்கினால், வரிக்கு மேல் அதன் 10 சதவீதமோ 500 டாலரோ, எது அதிகமோ அது தண்டம்.

திருப்பூரிலிருந்தோ காஞ்சிபுரத்திலிருந்தோ நேராக அமெரிக்க வீடுகளுக்கு அனுப்புகிறவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். 2018 ஜூனில் சவுத் டகோட்டா – வேஃபேர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, ஒரு மாநிலத்தில் கடையே இல்லாதவரிடமும், விற்பனை ஓர் அளவைத் தாண்டினால் வரி வசூலிக்கச் சொல்லலாம். டெக்சஸில் அந்த அளவு ஆண்டுக்கு 5 லட்சம் டாலர். அமேசான், எட்ஸி போன்ற தளங்கள் வழியாக விற்றால் அந்தத் தளமே வரியை வசூலித்துக் கட்டிவிடுகிறது. டெக்சஸில் இது 2019 அக்டோபர் முதல் நடைமுறை.

வியாபாரத்தை நிறுத்துகிறவர்கள் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவது இன்னொரு வழக்கம். பெர்மிட் தானாகக் காலாவதி ஆகாது. கம்ப்ட்ரோலருக்கு எழுதி மூடவேண்டும், கடைசிக் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டும், வீட்டுக்கென்று வைத்துக்கொண்ட மிச்சச் சரக்குக்கு வரி கட்டவேண்டும். சமீபத்தில் வேறு மாநிலத்துக்கு வீடு மாறிப் போன ஒரு அம்மா இவ்வளவையும் ஒழுங்காக முடித்துவிட்டு, கடைசியாக என்னிடமும் வந்தார். “என் சர்ட்டிபிகேட்டைக் கிழிச்சுரலாமாண்ணே?” என்று கேட்டார். இனி அதை வைத்து அவருக்கு பில் போடமாட்டேன், ஆனால் தாள் ஃபைலிலேயே இருக்கவேண்டும், அவர் கடைசியாகச் சரக்கு எடுத்த நாளிலிருந்து குறைந்தது நான்கு ஆண்டு என்று சொல்லி, மூடிய தேதியை அதன் ஓரத்தில் குறித்து வைத்தேன்.